பின்லாந்தில் வீடற்றோர் அபார்ட்மென்டுக்குக் குடிவந்த கதை

பொதுக்குழுக் கூட்டத்தில் வருடம் தவறாமல் வரும் விவாதம் ஒன்று உங்களுக்கு நினைவிருக்கும். பிளாட்டை யாருக்கு வாடகைக்கு விடலாம், யாருக்கு விடக் கூடாது? பேச்சிலர்கள் என்றாலே பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள். வாடகைதாரரின் ஆதார் நகல், போலீஸ் சரிபார்ப்பு, நாய் உண்டா என்பது வரை பேசிவிட்டுத்தான் காபிக்கு எழுந்திருப்போம்.

இப்போது ஒன்றைக் கற்பனை செய்து பாருங்கள். உங்கள் எதிர் பிளாட் விலைக்கு வருகிறது. அதை ஓர் அறக்கட்டளை வாங்குகிறது. பத்து வருடம் தெருவிலும் விடுதியிலும் படுத்துக் கிடந்த ஒருவருக்கு அதை வாடகைக்கு விடுகிறது. நம் வாட்ஸ்அப் குரூப் அன்று இரவு தூங்குமா?

பின்லாந்தில் இது 1985 முதல் ஆயிரக்கணக்கான பிளாட்களில் நடந்திருக்கிறது. மொத்தமே 55 லட்சம் பேர் வாழும் நாடு, குளிர்காலத்தில் மைனஸ் 20 டிகிரி சாதாரணம். அங்கே எதற்காக இப்படிச் செய்தார்கள், பணம் எங்கிருந்து வந்தது, பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன செய்தார்கள் என்பதைத்தான் இந்த இதழில் எழுதுகிறேன்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது பின்லாந்துக்கு இரண்டு சுமைகள். சோவியத் யூனியனிடம் இழந்த கரேலியா பகுதியிலிருந்து வந்த 4 லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் குடியமர்த்த வேண்டும். போரிலிருந்து திரும்பிய, குடும்பமில்லாத ஆண்களுக்கும் இடம் வேண்டும். குடும்பங்களுக்கு நிலமும் வீடும் கொடுத்த நாடு, தனி ஆண்களை அவ்வளவாகக் கவனிக்கவில்லை. தலைநகர் ஹெல்சின்கியில் விமானக் குண்டுவீச்சுக்காகக் கட்டிய பதுங்கு அறைகளிலேயே பலர் வருடக்கணக்கில் தங்கினார்கள். ஊர் ஊராக அலைபவர்களைப் பிடித்து உழைப்பு முகாமுக்கு அனுப்ப 1936ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் கையில் இருந்தது. அந்தச் சட்டம் 1980களின் பிற்பாதி வரை உயிரோடிருந்தது என்றால் நம்புவீர்களா!

1967 கடைசியில் ஹெல்சின்கித் தெருக்களில் படுத்தவர்கள் பலர் குளிரில் இறந்தார்கள். அதைக் கண்டு கொதித்த இளைஞர்கள் சிலர் 'நவம்பர் இயக்கம்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவர் மனநல மருத்துவரான இல்க்கா தைபலே. இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், நாற்பது வருடம் கழித்து மறுபடி வருவார். டிசம்பர் 6 அவர்களுடைய சுதந்திர தினம். அன்று வீடற்றவர்களுக்காகத் தெருவில் கூடி நின்றார்கள். மாநகராட்சி அவசரமாக ஒரு பழைய பெயின்ட் கிடங்கைத் தங்குமிடமாகத் திறந்தது. மக்கள் அதற்கு வைத்த பெயர் 'வௌவால் குகை'. நூற்றுக்கணக்கான ஆண்கள் வரிசையாகப் படுத்த அந்தக் கிடங்கு 1979 வரை ஓடியது. பிறகு ராக் இசைக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டு புகழ்பெற்ற கச்சேரி அரங்காக்கினார்கள்.

அதன் பிறகும் விடுதிகள் பெருகினவே தவிர வீடற்றோர் குறையவில்லை. 1980களின் நடுவில் ஹெல்சின்கியில் மட்டும் விடுதிகளிலும் தங்குமிடங்களிலும் 2,121 படுக்கைகள் இருந்தன. 1987ஐ ஐ.நா. சபை வீடற்றோருக்கான ஆண்டாக அறிவித்தபோது நாடு முழுக்க எண்ணிப் பார்த்தார்கள். 18 ஆயிரத்துக்கும் மேல்.

அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1985இல், ஒய் அறக்கட்டளை பிறந்திருந்தது. அதை நிறுவியவர்களின் பட்டியலைப் படித்தால் சிரிப்பும் வரும், மரியாதையும் வரும். சில மாநகராட்சிகள், செஞ்சிலுவைச் சங்கம், தேவாலயம், கட்டுமான நிறுவனங்களின் கூட்டமைப்பு, கட்டுமானத் தொழிலாளர் சங்கம், மனநலச் சங்கம். இவர்களோடு அல்கோ என்ற அரசு மது விற்பனை நிறுவனமும்! நம் டாஸ்மாக் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். குடித்துக் கெட்டவன் வீட்டை இழந்தால் அதில் தனக்கும் பங்குண்டு என்று அந்த நிறுவனம் நினைத்ததோ என்னவோ.

பணம் வந்த வழி இன்னும் வேடிக்கை. பின்லாந்தில் காசு போட்டு ஆடும் ஸ்லாட் மெஷின்கள் சூப்பர் மார்க்கெட்டிலும் பெட்ரோல் பங்கிலும்கூட நிற்கும். அவற்றை நடத்தும் உரிமை 1938இல் தொடங்கிய ஒரே சங்கத்திடம் இருந்தது. ரே என்பது அதன் சுருக்கப் பெயர். லாபம் முழுவதும் மருத்துவ, சமூக நல அமைப்புகளுக்கு மானியமாகப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. ஒய் அறக்கட்டளை ஒரு பிளாட் வாங்கினால் விலையில் பாதி வரை ரே மானியமாகத் தரும். மீதிக்கு அறக்கட்டளை கடன் வாங்கும். குடிவருபவர் கட்டும் வாடகையிலிருந்து கடன் அடையும். குடியிருப்பவருக்கு வருமானம் போதாவிட்டால் அரசின் வாடகை உதவித்தொகை அவருக்குக் கிடைக்கும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு, கணக்குப் பார்க்கிறவர்களுக்கு அது உடனே புரியும். மானியம் பிளாட்டை வாங்க ஒருமுறைதான். வாங்கிவிட்டால் பிளாட் அறக்கட்டளையின் சொத்து. வருடா வருடம் மனுப் போட்டு "இந்த வருடமும் இவர்களைத் தங்கவைக்கப் பணம் கொடுங்கள்" என்று நிற்க வேண்டியதில்லை. விடுதி நடத்துபவருக்கோ மானியம் நின்ற மாதமே படுக்கைக்கு ஆபத்து. பல நாடுகளில் வீடற்றோர் திட்டங்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம்.

சரி, எந்த மாதிரி பிளாட்? தனியாக ஊருக்கு வெளியே ஒரு காலனி கட்டவில்லை. சாதாரணக் குடும்பங்கள் வாழும் சாதாரண அபார்ட்மென்டுகளில் ஒன்றிரண்டு சின்ன பிளாட்களாகத் தேடித் தேடி வாங்கினார்கள். அங்கே ஒவ்வொரு அபார்ட்மென்டும் ஒரு பங்கு நிறுவனம். பிளாட் வாங்குவது என்றால் அந்த நிறுவனத்தின் பங்குகளை வாங்குவது. பங்கு வைத்திருப்பவர் மாதா மாதம் மெயின்டெனன்ஸ் கட்ட வேண்டும், பொதுக்குழுவில் ஓட்டுப் போடலாம். ஆக, ஒய் அறக்கட்டளையும் அங்கே மற்ற உரிமையாளர்களைப் போல ஓர் உரிமையாளர். மெயின்டெனன்ஸ் பாக்கி வைக்காத உரிமையாளரை எந்த அசோசியேஷன்தான் வேண்டாம் என்று சொல்லும்?

பக்கத்து வீட்டுக்காரர்களுக்குப் பாதுகாப்பு இல்லாமலும் இல்லை. அவர்கள் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. ஒரு பிளாட்டில் தொடர்ந்து ரகளை நடந்தாலோ மெயின்டெனன்ஸ் கட்டாவிட்டாலோ, எழுத்தில் எச்சரித்த பின் பொதுக்குழு முடிவெடுத்து அந்தப் பிளாட்டை மூன்று வருடம் வரை தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளலாம். உரிமையாளர் யாராக இருந்தாலும் இதே விதிதான். நேற்றுவரை தெருவில் இருந்தவருக்குத் தனி விதி கிடையாது, பெரிய வேலையில் இருப்பவருக்கும் கிடையாது. (நம் பைலாவில் இப்படி ஒன்று இருந்தால் எத்தனை பிளாட் நம் பொறுப்புக்கு வந்திருக்கும் என்று பொருளாளரைக் கேட்டுப் பாருங்கள்.)

இப்படி இருபது வருடத்தில் வீடற்றோர் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போனது. ஆனால் 8 ஆயிரம் பக்கம் வந்து நின்றுவிட்டது. மீதி இருந்தவர்களில் பெரும்பகுதி பழைய ஆட்கள். குடி, போதை, மனநோய், கடன், சிறை என்று பல முடிச்சுகள் சேர்ந்தவர்கள். அவர்களுக்கு 'படிக்கட்டு' முறை வைத்திருந்தார்கள். முதலில் விடுதி. குடியை விட்டால் பகிர்ந்து தங்கும் அறை. அங்கே ஒழுங்காக இருந்தால் அடுத்த படி. கடைசிப் படியில்தான் சொந்தச் சாவி. ஒருமுறை குடித்துவிட்டு வந்தால் மறுபடி கீழ்ப்படி. நியாயமாகத் தெரிகிறது, இல்லையா? எனக்கும் முதலில் அப்படித்தான் தெரிந்தது. ஆனால் இருபது பேர் குடிக்கும் கூடத்தில் படுத்துக்கொண்டு ஒருவர் மட்டும் குடியை விடுவது எப்படி? படியில் ஏறியவர்களைவிடச் சறுக்கியவர்கள் அதிகம்.

2007இல் அரசு நான்கு பேரிடம் யோசனை கேட்டது. ஹெல்சின்கி பிஷப் ஏரோ ஹுவோவினென், நகரின் சமூகநலத் துறைத் தலைவர், ஒய் அறக்கட்டளையின் நிர்வாக இயக்குநர், நாலாவது ஆள் அதே இல்க்கா தைபலே. அவர்கள் கொடுத்த அறிக்கையின் தலைப்பு 'கதவில் பெயர்'. அங்கே ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் குடியிருப்பவரின் பெயர் இருக்கும். விடுதிப் படுக்கைக்குப் பெயர் கிடையாது. அவர்கள் சொன்னது, படிக்கட்டைத் தலைகீழாகத் திருப்புங்கள் என்பது. முதலில் வாடகை ஒப்பந்தத்தோடு வீடு, பிறகு குடி, வேலை, கடன் எல்லாவற்றையும் பார்ப்போம். குடியை விட்டால்தான் சாவி என்ற நிபந்தனை வேண்டாம்.

2008இல் திட்டம் தொடங்கியது. மத்திய அரசும் ஹெல்சின்கி, எஸ்போ, தம்பெரே, துர்க்கு உட்பட 10 நகரங்களும் தனித்தனியாக ஒப்பந்தம் போட்டன. எந்த நகரம் எத்தனை வீடு, எந்த இடத்தில், எவ்வளவு பணம் என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். கட்டவும் வாங்கவும் அரசின் வீட்டுவசதி நிதி நிறுவனமும் ரே சங்கமும் மானியம் கொடுத்தன. வீட்டுக்கு வந்து உதவும் பணியாளர்களின் சம்பளத்தை அரசும் நகரமும் பாதிப் பாதியாக ஏற்றன. இந்தக் கடைசி விஷயத்தை மற்ற நாடுகள் அடிக்கடி கோட்டைவிடுகின்றன. கட்டடத்துக்கு ரிப்பன் வெட்டப் பணம் கிடைத்துவிடும். மூன்றாவது வருடம் இரவுப் பணியாளருக்குச் சம்பளம் யார் கொடுப்பார்கள் என்று கேட்டால் பதில் இருக்காது.

விடுதிகளையே வீடுகளாக மாற்றியதுதான் எல்லாவற்றிலும் துணிச்சலான வேலை. ஹெல்சின்கி ஆல்ப்பிகாத்து தெரு 25ஆம் எண்ணில் 1930களிலிருந்து சால்வேஷன் ஆர்மியின் விடுதி ஒன்று இருந்தது. இருநூறுக்கும் மேற்பட்ட படுக்கைகள். அதை உள்ளே இடித்துச் சுமார் 80 சிறு வீடுகளாக்கினார்கள். ஒவ்வொன்றிலும் சொந்தக் குளியலறை, சமையல் மூலை, பூட்டு. ஒரே முகவரி, ஆனால் உள்ளே இருப்பவர்கள் இப்போது வாடகைதாரர்கள். இப்படி மாற்றி மாற்றி, 2016இல் அந்த நகரத்தில் மீதமிருந்த அவசரப் படுக்கைகள் 52. முன்பு சொன்ன 2,121ஐ நினைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் சுமுகமாக நடந்தது என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள், நம்பவும் வேண்டாம். தனித்தனி பிளாட்கள் சத்தமில்லாமல் கலந்துவிட்டன. ஆனால் வீடற்றிருந்தவர்களை மட்டும் கொண்ட பெரிய கட்டடம் வருகிறது என்றதும் அந்தத் தெருக்காரர்கள் எதிர்த்தார்கள். குழந்தைகள், பிளாட் விலை, சத்தம் என்று நமக்குப் பழக்கமான காரணங்கள்தான். இதற்கென்றே 'அக்கம்பக்கப் பணி' என்று ஒரு வேலையை உருவாக்கினார்கள். பணியாளர்கள் தெருவில் சுற்றி வருவார்கள். புகார் சொல்ல ஒரு போன் எண் இருக்கும், எடுப்பதற்கு ஆளும் இருக்கும். குடியிருப்பவர்களே பக்கத்துப் பூங்காவையும் நடைபாதையையும் பெருக்குவார்கள், அதற்குச் சிறு தொகை உண்டு. பல இடங்களில் எதிர்ப்பு இதனால் தணிந்தது. சில கட்டடங்களில் உள்ளேயே போதைப் புழக்கம் தலைவலியானது. அதனால்தான் பெரிய கட்டடங்களைவிடச் சிதறிய பிளாட்களே மேல் என்ற பழைய கருத்துக்குப் பிறகு மறுபடி திரும்பினார்கள்.

கணக்குக்கு வருவோம். முதல் நான்கு வருடத்தில் 1,250 வீடு என்பது இலக்கு, அதைத் தாண்டிவிட்டார்கள். நீண்டகாலம் வீடற்றிருந்தோரைப் பாதியாக்குவது இன்னொரு இலக்கு, அது நடக்கவில்லை. கால் பங்குக்குச் சற்று மேல்தான் குறைந்தது. தம்பெரே நகரில் ஒரு கட்டடத்தில் செய்த ஆய்வு, வீடு கிடைத்த பிறகு மருத்துவமனை, போலீஸ், சிகிச்சைச் செலவுகள் குறைந்ததால் ஓர் ஆளுக்கு வருடம் சுமார் 15 ஆயிரம் யூரோ மிச்சம் என்றது. உலகமெங்கும் இந்த எண்ணை மேற்கோள் காட்டுகிறார்கள். சில பேரை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வருடா வருடம் நவம்பர் 15 நிலவரப்படி நகரங்கள் எண்ணிக்கை தர வேண்டும். நண்பர், உறவினர் வீட்டில் தற்காலிகமாக ஒண்டியிருப்பவரையும் வீடற்றவராகவே எண்ணுவார்கள். பெரும்பாலோர் அந்த வகைதான். அப்படி எண்ணியும் 2023இல் 3,429 பேர்தான். ஒய் அறக்கட்டளை இப்போது 18 ஆயிரம் அளவுக்கு வீடுகள் வைத்திருக்கும் பெரிய வீட்டு உரிமையாளர்.

ஆனால் பணம் வரும் குழாய் மாறிவிட்டது. 2017இல் ரே சங்கம் அரசின் சூதாட்ட நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது. 2024 முதல் ஆட்ட லாபம் நேரடியாக நல அமைப்புகளுக்குப் போவதில்லை. எல்லாம் பொது பட்ஜெட்டுக்குள் போய், அங்கிருந்து மானியமாக வர வேண்டும். அந்த மானியத்தில் வெட்டு விழுந்தது. அதே 2024இல் வாடகை உதவித்தொகையையும் குறைத்தார்கள். அந்த வருட நவம்பர் எண்ணிக்கை 3,806. பல வருடங்களுக்குப் பிறகு முதல் ஏற்றம். 2027க்குள் நீண்டகால வீடின்மையே இல்லாமல் செய்வோம் என்று 2023இல் எழுதிக் கையெழுத்திட்ட அரசுதான் இந்த வெட்டுகளையும் கொண்டுவந்தது.