ஊமை எழுத்துக்கள்

'கடல்', 'பகல்', 'சங்கு' என்ற மூன்று சொற்களிலும் வருவது ஒரே ககரந்தான். ஆனால் நாக்கு அதை மூன்று விதமாக ஒலிக்கிறது. அதற்காக நம் குழந்தைகள் திகைப்பதில்லை. எழுத்து நிற்கும் இடமே ஒலியைச் சொல்லிக் கொடுத்துவிடுகிறது.

ஆங்கிலப் பால பாடத்தைப் பிரிக்கும் குழந்தையின் கதி வேறு. கத்தியைக் குறிக்கும் 'நைஃப்' என்ற சொல்லின் தலைவாசலில் 'கே' என்று ஓர் எழுத்து நிற்கிறது; வாயைத் திறப்பதில்லை. கடனைக் குறிக்கும் 'டெட்'டில் ஒரு 'பி', தீவைக் குறிக்கும் 'ஐலண்'டில் ஓர் 'எஸ்', இரண்டும் ஊமை. ஏன் என்று குழந்தை கேட்டால், "அது அப்படித்தான்" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் பதில்.

உண்மையில் ஒவ்வோர் ஊமைக்கும் ஒரு பூர்வ கதை உண்டு. அந்தக் 'கே' ஒரு காலத்தில் வாய் திறந்து பேசியதுதான். 1476-இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்தார். அச்சு வந்தபின் சொற்களின் எழுத்துக்கள் மெல்ல மெல்ல உறைந்து போயின. பேச்சோ ஆற்று நீர்போல் ஓடிக்கொண்டே இருந்தது. உயிரொலிகள் இடம் மாறின. சில மெய்யொலிகள் மறைந்தன. 'பி'யின் கதை இன்னும் வேடிக்கை. பிரெஞ்சிலிருந்து வந்தபோது அந்தச் சொல்லில் 'பி' கிடையாது. லத்தீன் மூலத்தில் இருக்கிறதே என்று பண்டிதர்கள் பிற்பாடு நுழைத்தார்கள். தீவுக்கு 'எஸ்' கிடைத்ததோ பொய்யான வமிசாவளியால். பழைய ஆங்கிலச் சொல் ஒன்றை லத்தீன் வழி வந்த சொல்லுக்கு உறவென்று எண்ணி ஒட்டிவிட்டார்கள். பண்டிதர்களின் பெருமைக்காகத் தலையில் குட்டு வாங்கியவர்கள் குழந்தைகள்! தாங்கள் மந்தம் என்றே நம்பிவிட்ட பிள்ளைகள் எத்தனை பேரோ!

இதற்குப் பரிகாரம் தேட முயன்றவர்கள் உண்டு. 1949-இல் மாண்ட் ஃபாலிக் என்ற அங்கத்தினர் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் எழுத்துச் சீர்திருத்த மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். ஆதரவு 84, எதிர்ப்பு 87. மூன்றே வோட்டில் தோற்றது. 1953-இல் மறுபடியும் வந்தது. 65-க்கு 53 என்ற கணக்கில் இரண்டாம் வாசிப்பைத் தாண்டியது. ஆராய்ச்சிக்குத் தடை இல்லை என்று அரசாங்கம் சொன்னதன் பேரில் பிறகு கைவிடப்பட்டது.

ஃபாலிக்குக்குத் தோள் கொடுத்தவர் ஜேம்ஸ் பிட்மன். நம் ஊரில் சுருக்கெழுத்துப் பயின்றவர்களுக்குப் பழக்கமான ஐசக் பிட்மனின் பேரர். ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து என்று 44 எழுத்துக்கள் கொண்ட புது அரிச்சுவடியை அவர் அமைத்தார். குழந்தை முதலில் இதில் படிக்கட்டும், சரளமாக வாசிக்கப் பழகியபின் வழக்கமான எழுத்துக்கு மாறட்டும் என்பது திட்டம். 1961-இல் இங்கிலாந்துப் பள்ளிகளில் சோதனை தொடங்கியது.

குழந்தைகள் விரைவில் வாசித்தார்கள். பயமின்றிக் கதைகள்கூட எழுதினார்கள். சங்கடம் அக்கரைக்குப் போகும்போது வந்தது. பலர் சுலபமாகக் கடந்தார்கள். சிலர் புதுச் சுவடியில் பழகிய எழுத்தை மறக்க முடியாமல் தவித்தார்கள். வளர்ந்து பெரியவர்களான பின்னும் தம் எழுத்துப் பிழைகளுக்கு அதையே காரணமாகச் சொன்னவர்கள் உண்டு. 1970-களில் அந்த அரிச்சுவடி பள்ளிகளிலிருந்து மெல்ல மறைந்தது.

குழந்தைக்கு இரங்கிச் செய்த காரியந்தான். ஆனால் வீட்டுக்கு வெளியே கடைப் பலகையும் கதைப் புத்தகமும் பழைய எழுத்திலேயே இருக்கும்போது, பள்ளி மட்டும் வேறு உலகம் கட்டினால் பாலத்தைக் குழந்தையல்லவா கடக்க வேண்டியிருக்கிறது?

2014-இல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டம் வேறு வழியில் போயிற்று. முதலில் ஒழுங்கான ஒலிகள். கூடவே விதிவிலக்கான சொற்கள், சிறிது சிறிதாக. 'சொன்னான்' என்று பொருள்படும் 'செட்'டைப் பாருங்கள். முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் சொன்னபடி கேட்கின்றன. நடுவில் நிற்கும் 'ஏ'யும் 'ஐ'யுந்தான் முரண்டு பிடிக்கின்றன. அந்த இடத்தை மட்டும் விரலால் தொட்டுக் காட்டினால் போதும். சொல் முழுவதையும் கண்டு குழந்தை மிரள வேண்டியதில்லை.

நம் வீட்டுக் குழந்தை அடுத்த தடவை "ஏன்?" என்று கேட்கும்போது, "அது அப்படித்தான்" என்று வாயை அடைக்காமல் அந்த ஊமையின் கதையைச் சொல்லிப் பாருங்கள். குற்றம் தன் மூளையில் இல்லை என்பதாவது அதற்குத் தெரியட்டும்.