உணவை மறுத்த பிள்ளைகள்

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் சாப்பாட்டுச் சிக்கல், அந்தக் குறைபாடு மருத்துவ உலகில் பெயர் பெற்றபோதே ஏட்டில் ஏறிவிட்டது. 1943இல் பால்டிமோரைச் சேர்ந்த மனநல மருத்துவர் லியோ கானர் பதினொரு பிள்ளைகளைப் பற்றி எழுதினார். அவர்களில் ஆறு பேருக்குப் பிறந்தது முதலே சாப்பாடு பெரும் பாடாக இருந்தது. ஒரு பிள்ளை முதல் வயதில் ஓயாமல் வாந்தி எடுத்தது; இன்னொன்றுக்கு ஒரு வயதுவரை குழாய் வழியாகவே உணவு போயிற்று. முட்டை அடிக்கும் கருவி, வேக்யூம் கிளீனர் போன்றவற்றைக் கண்டு பிள்ளைகள் மிரண்டதையும் அவர் குறித்துவைத்தார். இவ்வளவையும் பதிவு செய்தவர், காரணத்தைப் புலன்களில் தேடவில்லை. வெளியுலகம் தன்னை அண்டுவதைப் பிள்ளை விரும்பவில்லை, உணவும் அப்படி உள்ளே நுழையும் ஒன்று என்றே விளக்கம் சொன்னார்.

அடுத்த இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பழி தாயின் தலையில் விழுந்தது. பாசமற்ற தாயால்தான் பிள்ளை தனக்குள் ஒடுங்குகிறது என்ற கருத்தை புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் ஒரு தடித்த நூலாகவே எழுதினார். அதற்கு மூன்று ஆண்டு முன்பே, ஆட்டிசம் உள்ள மகனுக்குத் தந்தையான உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லண்ட், கோளாறு மூளையைச் சார்ந்தது என்று வாதிட்டிருந்தார். தமிழ்க் குடும்பங்களில் தீர்ப்பு வேறு மாதிரி இருந்தது. குற்றவாளி மட்டும் மாறவில்லை. அமெரிக்கத் தாய் பாசம் காட்டாததால் கெடுத்தாள். தமிழ்த் தாய் செல்லம் கொடுத்துக் கெடுத்தாள். அடம் என்றார்கள், கண்ணேறு என்றார்கள், உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார்கள்.

புலன்களின் பக்கம் பார்வையைத் திருப்பியவர்களில் முக்கியமானவர் கலிபோர்னியாவின் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஜீன் ஏர்ஸ். தொடுகை, உடல் அசைவு, சமநிலை ஆகியவற்றிலிருந்து வரும் செய்திகளை மூளை ஒழுங்குபடுத்தும் விதத்தில் குழப்பம் இருக்கலாம் என்று 1972இல் வெளியான நூலில் அவர் விளக்கினார். தயிர்சாதத் தட்டு ஒன்றைப் பார்த்தால் இது விளங்கும். குழைந்த சோறு, வழவழப்பான தயிர், பல்லில் நறுக்கென்று கடிபடும் கடுகு, நாக்கில் ஒட்டும் கறிவேப்பிலை எல்லாம் ஒரே கவளத்தில் வருகின்றன. பெரும்பாலோருக்கு அது ருசி. தொடுகை கூர்மையான பிள்ளைக்கோ அடுத்த வாயில் என்ன வரும் என்று தெரியாத அச்சம். அத்தகைய பிள்ளை வெறும் இட்லியையோ ஒரே பிராண்ட் பிஸ்கட்டையோ பிடித்துக்கொள்கிறது. அவை என்றும் ஒரே மாதிரி இருக்கும். பிசைந்து ஊட்டும் தமிழ் வழக்கம் அன்பின் அடையாளம்தான். ஆனால் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலப்பதே அதன் இயல்பு என்பதால், இந்தப் பிள்ளைகளுக்கு அது கூடுதல் சோதனை. ஏர்ஸ் வழிச் சிகிச்சையின் பலனுக்கு ஆதாரம் இன்னும் போதாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2012இல் எச்சரித்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இத்தகைய பிள்ளைகளுக்கு மலேசியாவில் உதவி தாமதமாகவே வந்தது. பினாங்கு, சிறப்புக் கல்வியில் முன்னோடி மாநிலம்தான். பார்வையற்றோருக்கான செயின்ட் நிக்கலஸ் இல்லம் 1926இல் மலாக்காவில் தொடங்கிப் பின்னர் இங்கு வந்தது. செவித்திறனற்றோருக்கான கூட்டரசுப் பள்ளி 1954இல் திறக்கப்பட்டது. இரண்டும் தீவில் அமைந்தவை. அதோடு, கண் தெரியாமலும் காது கேளாமலும் போவதுதான் அன்று குறைபாடாகக் கருதப்பட்டது. அவை மிகையாக உணர்வதற்கு எந்தப் பட்டியலிலும் இடமில்லை. தீவுக்கு எதிரே, நீரிணையின் மறுகரையில், செபராங் பிறை வடக்கின் வயல்களுக்கு நடுவே இருக்கும் கெப்பாலா பத்தாஸ் போன்ற ஊர்களின் பிள்ளைகள் வீட்டோடு இருந்தார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான சமூக மறுவாழ்வுத் திட்டம் 1984இல் திரங்கானுவின் பத்து ராக்கிட்டில் தொடங்கி நாடெங்கும் பரவியது. 1980களின் பிற்பகுதியில் பெற்றோரும் வல்லுநரும் சேர்ந்து நாசோம் எனும் தேசிய ஆட்டிசச் சங்கத்தை அமைத்தனர். மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008இல் வந்தது.

2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறி கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, புலன்களின் மிகை உணர்வையும் குறை உணர்வையும் ஆட்டிசத்தின் அளவுகோல்களில் சேர்த்தது. உணவைத் தவிர்க்கும் கோளாறும் அதே கையேட்டில் தனிப்பெயர் பெற்றது. ஒரு சில உணவுகளோடு நின்றுவிட்ட பிள்ளைகளுக்கு வைட்டமின் சி குறைந்து ஸ்கர்வி வந்ததை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. மறுப்பு அடமல்ல, புலன் சார்ந்தது என்பதால் இன்றைய சிகிச்சை, வாயைத் திறக்க வைப்பதில் தொடங்குவதில்லை. புதிய உணவு முதலில் மேசையில் இருக்கும். பிறகு தொடுதல், முகர்தல், நாக்கு நுனியில் வைத்தல் என்று வாரக்கணக்கில் நகரும்.

மலேசிய அரசாங்க கிளினிக்குகளில் சிறுவயதிலேயே ஆட்டிசத்தைக் கண்டறிய எம்-சாட் எனும் வினாப்பட்டியல் பயன்படுகிறது. 2001இல் வெளியான மூலப் பட்டியலில் 23 கேள்விகள். சத்தத்துக்குப் பிள்ளை காதைப் பொத்திக்கொள்கிறதா என்று ஒரு கேள்வி கேட்கிறது. சாப்பாட்டைப் பற்றி ஒன்றுகூட இல்லை. தாய் தானாக வாய் திறந்தால்தான் அது தாதியின் காதுக்குப் போகும்.