சத்தம் போடாத ஸ்டெர்லிங்

2018 ஜூன் மாதம் ராமேஸ்வரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்தில், கழிவுநீர்த் தொட்டிக்காகக் குழி தோண்டியபோது சில பெட்டிகள் தட்டுப்பட்டன. உள்ளே ஆயிரக்கணக்கான தோட்டாக்கள், வெடிபொருட்கள்! 1980களில் இலங்கைப் போராளிக் குழுக்கள் புதைத்து வைத்தவையாக இருக்கும் என்று கருதப்பட்டது.

அந்த 80களில் பாக் நீரிணையின் இரு கரைகளிலும் படையினர் கையில் ஒரே சிறு துப்பாக்கி இருந்தது. நம் ஊர் போலீஸ்காரர்களிடமும் பார்த்திருப்பீர்கள். இங்கே அதற்குப் பெயர் 'கார்பைன்'. உண்மைப் பெயர் ஸ்டெர்லிங். இதை மாற்றி அமைத்த அபூர்வமான ஒரு வகையும் உண்டு. சுட்டால் சத்தம் கேட்காத வகை!

முதலில் சாதாரண ஸ்டெர்லிங்கைப் பார்ப்போம். இதை வடிவமைத்தவர் ஜார்ஜ் பேட்செட். 1953-இல் பிரிட்டிஷ் ராணுவம் பழைய ஸ்டென் துப்பாக்கிக்குப் பதிலாக இதை ஏற்றுக்கொண்டது. எடை சுமார் 2.7 கிலோ. பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் வளைந்த மேகசினில் 34 தோட்டாக்கள். 1960களில் இந்தியா உரிமம் பெற்று, கான்பூர் தொழிற்சாலையில் '1ஏ1' என்ற பெயரில் தயாரிக்கத் தொடங்கியது.

சரி, சத்தத்தை எப்படி அடக்கினார்கள்?

துப்பாக்கிச் சத்தத்துக்கு முக்கிய காரணங்கள் இரண்டு. ஒன்று, குழல் வாயிலிருந்து சீறி வெளியேறும் வாயு. இன்னொன்று, ஒலியை விட வேகமாகப் பறக்கும் தோட்டா காற்றைக் கிழிக்கும் ஓசை. ஒலியின் வேகம் விநாடிக்கு சுமார் 340 மீட்டர். சாதாரண 9 மி.மீ. தோட்டா அதை விட வேகமாகப் போகும். வேகம் குறைந்த தனித் தோட்டா செய்யலாம்தான். ஆனால் போர்க்களத்தில் அதற்கு எங்கே போவது?

ஸ்டெர்லிங்கில் குழலிலேயே 72 துளைகள் போட்டார்கள். தோட்டா நகரும்போதே வாயுவில் ஒரு பகுதி துளைகள் வழியாகச் சுற்றியுள்ள உறைக்குள் போய்விடும். தள்ளும் அழுத்தம் குறைவதால் தோட்டாவின் வேகம் ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்கும். உறைக்குள் அடைபட்ட வாயு மெதுவாக வெளியேறும். ஆக, சாதாரணத் தோட்டாவே போதும்! பிரிட்டனில் இதன் பெயர் எல்34ஏ1. கான்பூரில் தயாரான வகை 2ஏ1. 1982 பாக்லாந்து போரில் பிரிட்டன், அர்ஜென்டினா இரு தரப்பு கமாண்டோக்களும் இதை வைத்திருந்தார்கள்.

பிறகு ஏன் இது அபூர்வமானது? எடை 3.6 கிலோவாக ஏறியது. நீளமும் கூடியது. தொடர்ச்சியாகச் சுட்டால் உறையின் உள்பாகங்கள் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்பதால் ஒவ்வொன்றாகவே சுட வேண்டும். வேகத்தோடு தோட்டாவின் வலிமையும் குறைந்தது. காவலுக்கு நிற்பவரை இருட்டில் நெருங்கிச் சுடுவதற்கு மட்டுமே ஏற்ற ஆயுதம் இது. ஒரு படை முழுவதற்கும் கொடுக்க முடியாது.

9 மி.மீ. தோட்டாவின் வரம்பு சாதாரண கார்பைனுக்கும் உண்டு. 1987-இல் அமைதிப்படையாக யாழ்ப்பாணம் போன இந்திய வீரர்கள் கார்பைனும் எஸ்.எல்.ஆர். துப்பாக்கியும் ஏந்திப் போனார்கள். எதிரே விடுதலைப் புலிகளிடம் இருந்தது ஏ.கே.47. 1990-இல் படை திரும்பியபோது உயிரிழந்த இந்திய வீரர்கள் 1,100-க்கும் மேல். அதன் பிறகு இந்தியாவும் வெளிநாடுகளிலிருந்து ஏ.கே. ரகத் துப்பாக்கிகளைப் பெருமளவில் வாங்கியது.

இங்கிலாந்தில் ஸ்டெர்லிங் நிறுவனம் 1988-இல் மூடப்பட்டது. கான்பூர் கார்பைனோ அதன் பிறகும் பல ஆண்டுகள் நம் காவலர்களின் தோளில் தொங்கியது.