குளமும் புரமும்: வன்னிப் பெருநிலத்தில் பேச்சுமொழியும் தன்னடையாளமும்

மொழி ஒரு மக்கட் கூட்டத்தை ஒன்றிணைக்கும் என்பது நமது அரசியற் சிந்தனையில் நீண்டகாலமாக நிலைபெற்றுள்ள கருத்தாகும். 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்தின் பின்னர் இலங்கைத் தமிழர் தமது உரிமைகளைப் பெரிதும் மொழியின் பெயராலேயே கோரினர். அக்கோரிக்கையின் நியாயம் ஐயத்துக்கு இடமற்றது. எனினும், தமிழ் பேசுவோர் யாவரும் ஒருவரையொருவர் ஒரே மக்களாக ஏற்றுக்கொண்டனரா என்ற வினாவுக்கு அது விடையாகிவிடாது. வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு திசைகளிலிருந்து வந்த தமிழர் ஒரே குளத்து நீரை நம்பி வாழ நேர்ந்த வன்னிப் பெருநிலம் இவ்வினாவை ஆராய்வதற்கு ஏற்ற களமாகும். மொழி தானாகவே அடையாளத்தைத் தந்துவிடுவதில்லை. எவருடைய பேச்சு மதிப்புப் பெறுகின்றது என்பதை நிலவுடைமையும் நீருரிமையும் பெரிதும் தீர்மானிக்கின்றன என்பதே நாம் ஈண்டு நிறுவ முற்படும் கருத்து.

1. இடப்பெயர்களின் சான்று

சாதாரண குடிமக்களைப் பற்றிய எழுத்துச் சான்றுகள் அருகிய வன்னியில் இடப்பெயர்கள் முதன்மையான வரலாற்று ஆவணங்களாக விளங்குகின்றன. கனகராயன்குளம், புளியங்குளம், பாண்டியன்குளம் எனக் குளத்தாலும், இரணைமடு, விசுவமடு என மடுவாலும், முத்தையன்கட்டு, உடையார்கட்டு எனக் கட்டாலும், தண்ணிமுறிப்பு என முறிப்பாலும் முடியும் பெயர்கள் நீரைத் தேக்கி நெல் விளைவித்த சமூகமொன்றின் சொற்களஞ்சியமாகும்.

இப்பெயர்களை இனங்களுக்கிடையே நாட்டப்பட்ட எல்லைக் கற்களாகக் கொள்வது பொருந்தாது. தெற்கே அநுராதபுர மாவட்டத்தில், கல்குளம போன்று, 'குளம' என முடியும் சிங்களக் கிராமப் பெயர்கள் பல உள. ஒரே வகையான வேளாண் வாழ்க்கை ஒரு சொல்லை இரு மொழியினருக்கும் பொதுவாக்கியிருந்தது. 1980களில் மணலாறு 'வெலிஓயா' ஆக்கப்பட்டபோது நிகழ்ந்தது இதனின்றும் வேறானது. 'வெலி' மணலையும் 'ஓய' ஆற்றையும் குறிக்கும். சொல்லுக்குச் சொல் பெயர்க்கப்பட்ட அப்பெயர், தமிழ்க் குடிகள் வெளியேற்றப்பட்டு அரச ஆதரவுடன் குடியேற்றம் நிகழ்ந்த சூழலில் வழக்குக்கு வந்தது. முன்னையதில் சொல் மக்களோடு சேர்ந்து பரவியது. பின்னையதில் மக்களை அகற்றிய அதிகாரம் சொல்லையும் மாற்றியது.

பழைய குளப் பெயர்களின்மேல் 20ஆம் நூற்றாண்டு மற்றொரு படையை இட்டது. 1895இல் வெளிவந்த வன்னி மாவட்டங்கள் பற்றிய ஆங்கிலக் கைந்நூலில் ஜே. பி. லூயிஸ் காட்டும் வன்னி, மக்கள்தொகை மிகக் குறைந்த, குளங்கள் பல தூர்ந்துபோன நிலப்பரப்பாகும். 1905இல் பூர்த்தியான வடபகுதிப் புகையிரதப் பாதை, நூற்றாண்டின் முதற் கூற்றிலே கட்டப்பட்ட இரணைமடுக் குளம், 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், 1940களில் மலேரியா கட்டுப்படுத்தப்பட்டமை ஆகியன குடியேற்றத்துக்கு வழி திறந்தன. உருத்திரபுரம், கனகபுரம், இராமநாதபுரம், தர்மபுரம் எனப் 'புரங்கள்' தோன்றின. பாரதிபுரம், மலையாளபுரம், கிருஷ்ணபுரம், தொண்டமான்நகர் என்பனவும் கிளிநொச்சியைச் சூழ்ந்து எழுந்தன. இப்புரங்கள் அனைத்தும் தமிழ்ப் பேச்சு ஒலிக்கும் ஊர்களே. ஆனால் அவற்றில் ஒலித்த தமிழ் ஒன்றாக இருக்கவில்லை.

2. வன்னிப் பேச்சும் யாழ்ப்பாணத் தமிழும்

வன்னியின் பழங்குடிகளுக்கு வளமான வாய்மொழி மரபொன்று இருந்தது. வேலப்பணிக்கனையும் யானையை அடக்கிய அரியாத்தையையும் பற்றிய கதைப்பாடல், அரிவு வெட்டுக் காலத்துச் சிந்து, வற்றாப்பளைக் கண்ணகி வழிபாட்டோடு இணைந்த கோவலன் கதை என்பன அம்மரபின் கூறுகள். பயிரைக் காக்கும் குடியானவரின் பண்டிப் பள்ளு, 'பண்டி' என்ற பேச்சுச் சொல்லையே பெயராகத் தாங்கி நிற்கின்றது.

பாடசாலையும் கந்தோரும் வந்தபோது அவற்றோடு யாழ்ப்பாணத்து ஆசிரியரும் எழுதுவினைஞரும் வந்தனர். இரு பகுதியினரின் பேச்சும் நெருங்கிய உறவுடையது. எனினும் கற்றோர் தமிழ் யாழ்ப்பாணத்தின் தமிழாகவும், வன்னித் தமிழ் காட்டுப்புறத்தாரின் தமிழாகவும் கருதப்படலாயின. முல்லைமணியின் 'பண்டாரவன்னியன்' நாடகமும் (1964), தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்ட அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' நாவலும் (1973) இப்பின்னணியில் முக்கியத்துவம் பெறுகின்றன. முன்னையது வன்னிக்கு ஒரு வீர வரலாற்றைத் தந்தது. பின்னையது அதனினும் ஆழமானதொன்றைச் செய்தது; வன்னிக் குடியானவரின் பேச்சை அச்சேற்றி, அதற்கு இலக்கியத் தகுதி உண்டென நிறுவியது. எழுபதுகளின் மண்வாசனை இலக்கியத்தை வெறும் பிரதேசப் பற்றாகக் காண்போர், அது பேச்சின் வழியாக முன்வைக்கப்பட்ட சமத்துவக் கோரிக்கை என்பதைக் காணத் தவறுகின்றனர்.

3. 'ஒண்டும்' 'ஒண்ணும்'

இச்சமத்துவக் கோரிக்கை வன்னியில் வாழ்ந்த எல்லோரையும் தழுவிற்றா? 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றோராக்கப்பட்டு, 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தினால் இரு நாடுகளுக்கிடையே பங்கிடப்பட்ட மலையகத் தமிழருள் ஒரு பகுதியினர், 1973-74இன் தோட்டப் பஞ்சத்தையும் 1977இன் வன்செயலையும் அடுத்து வன்னிக்கு வந்தனர். டேவிட், மருத்துவர் இராஜசுந்தரம் ஆகியோரின் காந்தீயம் இயக்கம் வவுனியாவை மையமாகக் கொண்டு அவர்களைக் குடியமர்த்தியது. இராஜசுந்தரம் 1983 யூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். கென்ற், டொலர் பண்ணைகளில் வாழ்ந்த மலையகக் குடும்பங்கள் 1984இல் அரசினால் வெளியேற்றப்பட்டன. அங்கே கொண்டுவரப்பட்ட சிங்களக் கைதிகளும் அவர்தம் குடும்பத்தினரும் அவ்வாண்டு நவம்பரில் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டனர். இரு கொடுமைகளும் ஒரே குடியேற்றக் கொள்கையின் நிழலில் நிகழ்ந்தவை.

வன்னியிலே தங்கியோரை அவர்களது பேச்சே முதலில் அடையாளங் காட்டிற்று. வன்னியாரும் யாழ்ப்பாணத்தாரும் 'ஒண்டு', 'மூண்டு', 'பண்டி' என்பர். மலையகத்தார் 'ஒண்ணு', 'மூணு', 'பன்னி' என்பர். முன்னவர் 'கதைப்பர்', பின்னவர் 'பேசுவர்'. வடக்கிலே 'பேசுதல்' ஏசுதலையும் குறிக்கும். 'லயம்', 'பிரட்டு', 'கொழுந்து' என்ற சொற்கள் தோட்ட வாழ்வின் வரலாற்றைச் சுமந்து வந்தவை. மொழியியல் நோக்கில் இவ்வேறுபாடுகளிலே உயர்வு தாழ்வு எதுவுமில்லை. 'ஒன்று' என்ற இலக்கிய வடிவம் ஒரு வழக்கில் 'ஒண்டு' எனவும், மற்றொன்றில் 'ஒண்ணு' எனவும் திரிந்தது; இரண்டும் ஒரே மூலத்தின் திரிபுகளே. ஆயினும் முன்னையது மண்ணுக்குரியவரின் தமிழாகவும், பின்னையது 'தோட்டக்காட்டாரின்' தமிழாகவும் கொள்ளப்பட்டன. 'தோட்டக்காட்டார்' என்ற சொல்லே ஓர் இழிவுரையாயிற்று.

இதற்கான காரணம் ஒலியிலே இல்லை, நிலத்திலே உண்டு. முந்திய குடியேற்றத் திட்டங்களில் வந்தோர் நீர்ப்பாசனம் பெறும் வயற்காணிக்கு உரியோராயினர். பிந்தி வந்த மலையக மக்களுட் பெரும்பாலோர்க்கு நீர் எட்டாத மேட்டுநிலமும் பிறர் வயலிற் கூலி வேலையுமே கிட்டின. பல குடும்பங்கள் உறுதியான காணி ஆவணமின்றியே தலைமுறைகளைக் கடத்தின. பாடசாலையில் பிள்ளைகள் 'ஒண்ணு' என்பதைக் கைவிட்டு 'ஒண்டு' எனப் பயின்றதும், 1911 முதல் 'இலங்கைத் தமிழர்', 'இந்தியத் தமிழர்' எனப் பிரித்தெண்ணிய குடித்தொகைக் கணக்கில் சிலர் முன்னைய பிரிவிலே தம்மைப் பதிந்துகொண்டதும் இச்சூழலின் விளைவுகளே. பேச்சை மாற்றுதல் அவர்க்கு மொழிப்பற்றின் வெளிப்பாடன்று, வாழ்வதற்கான வழி.

2009ஆம் ஆண்டில் முள்ளிவாய்க்காலிலும், அதன்பின் செட்டிகுளம் மனிக்பாம் முகாம்களிலும் பட்ட துன்பம் 'ஒண்டு' என்றோரையும் 'ஒண்ணு' என்றோரையும் வேறுபடுத்தவில்லை. ஆனால் முகாமிலிருந்து மீண்டபோது, காணி உறுதி உடையோர், இல்லாதோர் என்ற பழைய பிரிவும் அவர்களோடு கூடவே திரும்பி வந்தது.

இதுகாறும் நோக்கியவற்றால், தமிழ் என்ற பொது அடையாளம் அரச ஒடுக்குமுறைக்கு எதிராக மக்களைத் திரட்டும் வலிமை பெற்றிருந்தும், அதனுள்ளே நிலவிய ஏற்றத்தாழ்வைத் தானாகவே நீக்கவில்லை என்பது புலனாகும். வன்னியின் பழம்பாடல்களைத் தொகுக்கும் பணி பாராட்டுக்குரியது. அதே அக்கறையோடு பாரதிபுரத்து, மலையாளபுரத்து முதியோரின் சொற்களும் பாடல்களும் குடியேறிய வரலாறும், அவர்கள் வாழும்போதே தொகுக்கப்படல் வேண்டும். அவை வேறொரு நாட்டாரின் வழக்காறுகள் அல்ல. வன்னித் தமிழின் பிந்திய படை. அத்தொகுப்போடு அம்மக்களின் காணி, நீர் உரிமைகளும் கோரப்படும்போதே, மொழியால் நாம் ஒன்று என்ற கூற்று வரலாற்று உண்மையாக மாறும் தகுதியைப் பெறும்.