கண்ணாடி விழுங்கும் வெளிச்சம்

விண்வெளியிலிருந்து திரும்பும் கலம் காற்றில் எரிந்து போகாமல் காப்பது எப்படி? 1951-ல் அமெரிக்காவின் ஜூலியன் ஆலன் ஒரு வழி கண்டுபிடித்தார். முனை கூர்மையாக இல்லாமல் மழுங்கலாக இருந்தால், அதிர்ச்சி அலை சற்றுத் தள்ளியே நிற்கும். பெரும்பாலான வெப்பம் காற்றோடு போய்விடும்.

ஆனால் இதிலும் ஒரு சிக்கல்! பல ஆயிரம் டிகிரிக்குச் சூடான அந்தக் காற்றே ஒளிவிடும். அந்த ஒளியும் கலத்தைச் சுடும். நிலவிலிருந்து திரும்பும் வேகமோ நொடிக்குச் சுமார் 11 கிலோமீட்டர்.

அந்த ஒளியை அளக்கக் கைகொடுத்தது, 1899-ல் பிரான்சின் பால் வியேல் உருவாக்கிய அதிர்ச்சிக் குழாய். குழாயின் நடுவே ஒரு மெல்லிய தகடு. ஒருபுறம் அழுத்தம் மிகுந்த வாயு, மறுபுறம் அழுத்தம் குறைந்த காற்று. தகடு கிழிந்ததும் அதிர்ச்சி அலை பாய்ந்து காற்றைச் சூடாக்கும். அளக்கக் கிடைப்பது சில மைக்ரோ நொடிகளே! 1950களில் ஆர்தர் காண்ட்ரோவிட்ஸின் அவ்கோ-எவரெட் ஆய்வுக்கூடம் இப்படித்தான் அளந்தது.

கடினமான பகுதி புற ஊதா. 200 நானோமீட்டருக்குக் கீழே சாதாரணக் கண்ணாடி ஒளியை விடாது. அறைக் காற்றிலுள்ள ஆக்சிஜனும் அதை விழுங்கிவிடும். 1964, 1965-ல் பறந்த 'ஃபயர்' சோதனைக் கலங்களின் கருவிகளும் குவார்ட்ஸ் சன்னலுக்குப் பின்னால்தான் இருந்தன. நைட்ரஜன் அணுக்களோ 149, 174 நானோமீட்டரில் பலமாக ஒளிர்பவை!

எனவே ஆய்வகங்களில் நிறமாலைமானியையே வெற்றிடத்தில் வைத்தார்கள். சன்னலுக்கு லித்தியம் ஃப்ளோரைடு படிகம். அது சுமார் 105 நானோமீட்டர் வரை ஒளியை விடும்.

1968 டிசம்பரில் அப்போலோ 8-ன் மூவரும் நிலவைச் சுற்றிவிட்டுப் பத்திரமாகத் திரும்பினர். ஆனாலும் அளவீடு நிற்கவில்லை. பல பத்தாண்டுகள் கழித்து ஒரையன் கலத்துக்காக நாசாவின் ஏம்ஸ் மையத்தில் அதே புற ஊதாவை மறுபடி அளந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒளியைக் கணக்கில் விட்டால், கவசத்தின் கணக்கே தப்பாகிவிடுமே!