கிங்ஸ் கிராஸ் சுரங்க ரயில் நிலையத் தீவிபத்து

லண்டனில் உள்ள கிங்ஸ் கிராஸ் செயின்ட் பாங்க்ரஸ் சுரங்க ரயில் நிலையத்தில் 1987 நவம்பர் 18, புதன்கிழமை மாலை நடந்த தீவிபத்து இது. 31 பேர் உயிரிழந்தனர்; சுமார் 100 பேர் காயமடைந்தனர். பிக்காடிலி தடத்திலிருந்து மேலே வரும் மர எஸ்கலேட்டரின் அடியில் பற்றிய சிறு நெருப்பு கால் மணி நேரம் அணைக்கப்படாமல் வளர்ந்து, மேலே இருந்த டிக்கெட் கூடத்தைச் சில நொடிகளில் சூழ்ந்தது. பணியாளர்களுக்கான தீப்பாதுகாப்புப் பயிற்சியைப் பற்றிப் பேசுபவர்கள் இந்த விபத்தைத் தவறாமல் குறிப்பிடுகிறார்கள். அன்று நிலையத்தில் ஆட்கள் இருந்தார்கள், அணைக்கும் கருவி இருந்தது, நேரமும் இருந்தது. அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்ய வேண்டும் என்பதுதான் அங்கே வேலை பார்த்தவர்களுக்குக் கற்றுத்தரப்பட்டிருக்கவில்லை.

தீ பிடித்த விதம்

நான்காம் எண் எஸ்கலேட்டர் 1939இல் அமைக்கப்பட்டது. அதன் படிகளும் பக்கப் பலகைகளும் மரத்தாலானவை. படிக்கும் பக்கப் பலகைக்கும் நடுவே இருந்த இடுக்கு வழியாக, பயணி ஒருவர் சிகரெட் பற்றவைத்துவிட்டுப் போட்ட தீக்குச்சி உள்ளே விழுந்திருக்க வேண்டும் என்று விசாரணை முடிவு செய்தது. எஸ்கலேட்டரின் அடிப்பகுதி முழுமையாகச் சுத்தம் செய்யப்பட்டதே இல்லை. இயந்திரத்துக்குப் போட்ட கிரீஸோடு காகிதத் துணுக்கும் நூல் பிசிறும் தலைமுடியும் ஆண்டாண்டாகச் சேர்ந்து படிந்திருந்தன. தனி கிரீஸ் எளிதில் பற்றாது. இந்தக் குப்பை கலந்த கிரீஸ் பற்றும்.

1984 நவம்பரில் ஆக்ஸ்போர்டு சர்க்கஸ் நிலையத்தில் தீ பிடித்த பிறகு, சுரங்க நிலையங்களில் புகைபிடிப்பது 1985இல் தடை செய்யப்பட்டது. ஆனால் வெளியே போகும் பயணிகள் எஸ்கலேட்டரில் ஏறியதுமே சிகரெட்டைப் பற்றவைக்கும் வழக்கம் ஓயவில்லை. விபத்துக்குப் பின் ஆய்வாளர்கள் பலகைகளைக் கழற்றிப் பார்த்தபோது, வேறு பல இடங்களிலும் பழைய கருகல் தடங்கள் இருந்தன. முன்பும் தீக்குச்சிகள் விழுந்து, சிறிது எரிந்து, தாமாகவே அணைந்திருக்கின்றன. நிர்வாகமோ மர எஸ்கலேட்டர் என்றால் அவ்வப்போது தீப்பிடிக்கத்தான் செய்யும் என்று எண்ணிப் பழகியிருந்தது. அன்றைய சாவுகளுக்கான மூல காரணம் இந்த எண்ணம்தான் என்று சொன்னால் மிகையாகாது. எச்சரிக்கை பலமுறை வந்தும் அதை எச்சரிக்கை என்று எடுத்துக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை.

பதினைந்து நிமிடங்கள்

மாலை சுமார் 7.30 மணிக்குப் பயணி ஒருவர் டிக்கெட் கவுன்டரில் இருந்தவரிடம் எஸ்கலேட்டரில் நெருப்பு தெரிவதாகச் சொன்னார். கவுன்டரில் இருந்தவர் பணியில் இருந்த நிலைய ஆய்வாளருக்குத் தொலைபேசியில் தகவல் தந்தார். இன்னொரு பயணி அவசரப் பொத்தானை அழுத்தி எஸ்கலேட்டரை நிறுத்தினார். அங்கு வந்த காவலரின் வயர்லெஸ் நிலத்தடியில் வேலை செய்யாது. தகவல் சொல்ல அவர் தரைமட்டம் வரை ஏறிப் போக வேண்டியிருந்தது. தீயணைப்புப் படைக்கு அழைப்பு போனது 7.34 மணிக்கு. அழைத்தது காவல்துறை, நிலையப் பணியாளர்கள் அல்ல. சிறு தீயைப் பணியாளர்களே சமாளிக்க வேண்டும், கைமீறினால் மட்டும் தீயணைப்புப் படையைக் கூப்பிட வேண்டும் என்பதுதான் சுரங்க ரயில் நிறுவனத்தின் நடைமுறை. சந்தேகம் வந்த உடனே கூப்பிடுங்கள் என்று ஆக்ஸ்போர்டு சர்க்கஸ் தீக்குப் பிறகு தீயணைப்புப் படை வலியுறுத்தியிருந்தும் அந்த நடைமுறை மாறவில்லை.

நிலைய ஆய்வாளர் கரியமில வாயு அணைப்பானை எடுத்துக்கொண்டு எஸ்கலேட்டர் இயந்திர அறைக்குள் போனார். வெப்பத்தால் நெருங்க முடியவில்லை. அவ்வகை அணைப்பானின் வீச்சு குறைவு. ஆழத்தில் எரியும் மரத்தைக் குளிர்விக்கும் திறனும் அதற்கு இல்லை. எஸ்கலேட்டரின் அடியில் நீர்த்தூவல் கருவி ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. அதைத் திறக்கும் வால்வைத் தாண்டித்தான் அவர் போய் வந்தார். அதை இயக்க அவருக்குப் பயிற்சி தரப்பட்டிருக்கவில்லை. அந்தப் பதற்றத்தில் அது நினைவுக்கும் வரவில்லை. திறந்திருந்தால் தீ முற்றாக அணைந்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் வேகம் குறைந்திருக்கும், அன்று தேவைப்பட்டதும் அந்தச் சில நிமிடங்கள்தான்.

இதற்கிடையே, கீழே நடைமேடைகளில் இருந்த பயணிகள் விக்டோரியா தடத்தின் எஸ்கலேட்டர் வழியாக மேலே அனுப்பப்பட்டார்கள். தீ இருந்த எஸ்கலேட்டரைத் தவிர்க்கும் வழியாக அப்போது அது தோன்றியது. ஆனால் இரண்டு எஸ்கலேட்டர்களும் போய்ச் சேர்வது ஒரே டிக்கெட் கூடத்தில். ஒலிபெருக்கியில் அறிவிப்பு ஏதும் செய்யப்படவில்லை. ரயில்கள் நின்று ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தன.

முதலில் வந்த தீயணைப்பு வீரர்கள் கண்டது ஒரு பெரிய அட்டைப்பெட்டி எரியும் அளவுக்கான தீயைத்தான். அவர்கள் குழாயை இணைத்துக்கொண்டிருக்கையில், 7.45 மணிக்கு, டிக்கெட் கூடம் முழுவதும் தீப்பிழம்பும் கரும்புகையும் பாய்ந்தன. சோஹோ தீயணைப்பு நிலைய அதிகாரி காலின் டவுன்ஸ்லி சுவாசக் கருவி இல்லாமலேயே அங்கு நின்று பயணிகளை வெளியேறச் சொல்லிக்கொண்டிருந்தார். இறந்தவர்களில் அவரும் ஒருவர். அந்த நொடிவரை தீயின்மேல் ஒரு சொட்டு நீர்கூடப் படவில்லை என்று விசாரணை பதிவு செய்தது.

தீ பாய்ந்ததன் காரணம்

இவ்வளவு சிறிய தீ எப்படி அப்படிப் பாய்ந்தது என்பது முதலில் நிபுணர்களுக்கே விளங்கவில்லை. கூரையில் அடுக்கடுக்காகப் பூசியிருந்த வண்ணத்தின் மேல்தான் முதலில் சந்தேகம் எழுந்தது. ஹார்வெல் ஆய்வு மையத்தின் கணினி மாதிரி வேறு விடை தந்தது. 30 பாகைச் சரிவில், இருபுறமும் பலகை அடைத்த பள்ளத்தில் எரியும் தீ மேல்நோக்கி நிமிராமல் படிகளை ஒட்டிப் படுத்துக்கொள்கிறது. முன்னால் உள்ள மரத்தை அது சூடேற்றிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் எல்லாம் ஒருங்கே பற்றி, வாய்ப்பகுதி வழியாகப் பீறிடுகிறது. பலர் நம்பத் தயங்கினார்கள். பக்ஸ்டனில் மூன்றில் ஒரு பங்கு அளவில் எஸ்கலேட்டர் மாதிரி கட்டி எரித்துப் பார்த்தபோது கணினி சொன்னபடியே நடந்தது. ‘பள்ள விளைவு’ என்ற இது அதற்கு முன் தீயியலில் அறியப்படாதது. ஆகவே இன்னும் சில நிமிடங்களில் கூடமே எரியும் என்பதை அன்றிருந்த எவராலும் ஊகித்திருக்க முடியாது. ஊகிக்க முடியாத ஒன்று வரக்கூடும் என்பதால்தான், தீ சிறிதாக இருக்கும்போதே ஆட்களை வெளியேற்ற வேண்டும் என்ற விதி உலகெங்கும் கற்பிக்கப்படுகிறது.

விசாரணை

டெஸ்மண்ட் ஃபென்னல் தலைமையிலான பொது விசாரணையின் அறிக்கை 1988 நவம்பரில் வெளியானது. அதில் 157 பரிந்துரைகள் இருந்தன. பழியை அன்று பணியில் இருந்த தனி ஆட்களின் தலையில் அறிக்கை கட்டவில்லை. தீயைத் தவிர்க்க முடியாதது என்று ஏற்றுக்கொண்ட நிர்வாகத்தின் போக்கையே அது கடுமையாகச் சாடியது. லண்டன் வட்டாரப் போக்குவரத்துக் கழகத் தலைவரும் சுரங்க ரயில் நிறுவனத் தலைவரும் பதவி விலகினார்கள்.

தனி ஆட்களைப் பழிக்காத அறிக்கையின் அணுகுமுறை சரியானது. பயிற்சி தராமல் பொறுப்பை மட்டும் ஊழியர்மேல் சுமத்துவது அநியாயம். 2011 டிசம்பர் 9 அதிகாலையில் கொல்கத்தா தாகுரியாவில் ஏஎம்ஆர்ஐ மருத்துவமனை எரிந்தபோதும் இதே குறை பெரிய அளவில் வெளிப்பட்டது. அடித்தளத்தில் பற்றிய தீயின் புகை மேல்மாடிகளுக்கு ஏறி, சுமார் 90 பேர் மூச்சுத்திணறி இறந்தார்கள். புகையைக் கண்டு உதவ ஓடிவந்த பக்கத்துக் குடிசைவாசிகளைக் காவலாளிகள் திருப்பி அனுப்பியிருந்தார்கள். தீயணைப்புத் துறைக்கும் தகவல் தாமதமாகவே போனது. அதே இரவில் கேரளத்தைச் சேர்ந்த இளம் செவிலியர் இருவர் நோயாளிகளைக் காப்பாற்றப் போய் உயிரை விட்டார்கள். துணிவுக்கு இரண்டு இடத்திலும் பஞ்சமில்லை. எச்சரிக்கை மணியை அடிப்பது, தீயணைப்புப் படையை அழைப்பது, ஆட்களை எந்த வழியாக வெளியேற்றுவது என்பதெல்லாம் ஒத்திகை பார்த்துக் கைப்பழக்கமாகியிருக்கவில்லை.

பின்விளைவுகள்

சுரங்க ரயில் நிலையங்களுக்கென்று 1989இல் பிரிட்டனில் தனித் தீத்தடுப்பு விதிகள் வந்தன. பணியில் சேரும்போதும் பிறகு குறித்த கால இடைவெளியிலும் தீப்பயிற்சி தருவது, தந்ததற்குப் பதிவு வைப்பது, நிலையம் திறந்திருக்கும் நேரத்தில் குறைந்த அளவு பணியாளர்கள் இருப்பது ஆகியவை சட்டக் கடமைகளாயின. வேலை பார்க்கும் நிலையத்தின் வழிகளையும் வால்வுகளையும் சாவிகளையும் நேரில் பார்த்துத் தெரிந்துகொள்வது பயிற்சியின் பகுதியானது. வகுப்பறைப் பாடத்தைவிட இதற்கு மதிப்பு அதிகம். மர எஸ்கலேட்டர்கள் படிப்படியாக அகற்றப்பட்டன. கிரீன்ஃபோர்டு நிலையத்தில் எஞ்சியிருந்த கடைசி மர எஸ்கலேட்டர் 2014இல் நிறுத்தப்பட்டது.

இப்போது லண்டன் நிலையங்களில் தீ உணர்கருவி இயங்கினால், ‘இன்ஸ்பெக்டர் சாண்ட்ஸ் உடனே கட்டுப்பாட்டு அறைக்கு வரவும்’ என்ற பதிவுசெய்த அறிவிப்பு ஒலிக்கும். அப்படி ஓர் அதிகாரி கிடையாது. அது பணியாளர்களுக்கு மட்டும் புரியும் குறிப்பு. அதைக் கேட்டதும் அவர்கள் போய்ப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். தீ இல்லை என்று குறித்த நேரத்துக்குள் யாரும் உறுதி செய்யாவிட்டால் நிலையம் காலி செய்யப்படும்.