வேலையாள் நட்டஈட்டுக் காப்புறுதி: மட்டக்களப்பு வாவிப் பிரதேசம்

வேலையில் விபத்துக்குள்ளாகும் தொழிலாளிக்கோ, அவர் இறந்தால் அவரில் தங்கி வாழ்ந்தோருக்கோ முதலாளி கொடுக்கவேண்டிய நட்டஈட்டைக் காப்புறுதி நிறுவனம் பொறுப்பேற்கும் ஏற்பாடு. நாடு முழுவதற்குமான சட்டமே வாவியின் இரு கரைகளுக்கும் உரியது.

அச்சட்டம் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். அதற்குமுன், கையிழந்த கூலியாள் முதலாளியின் கவனக்குறைவை நீதிமன்றத்தில் நிரூபித்தாக வேண்டும். வழக்காடக் காசில்லாதவருக்கு அந்த உரிமை இருந்தும் பயனில்லை. யார் தவறு என்று பாராமல் ஈடு கொடுக்கும் முறையை ஜெர்மனி 1884இலும் பிரித்தானியா 1897இலும் சட்டமாக்கின. இந்தியாவின் 1923ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தழுவியே இலங்கைச் சட்டம் எழுதப்பட்டது. அரசாங்க சபையில் அப்போது தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சராக இருந்தவர் அட்டன் உறுப்பினர் பெரி சுந்தரம். இலங்கைத் தொழிலாளர் சட்டங்களுள் இதுவே மிகப் பெரும் பேறு.

இச்சட்டப்படி, ஒப்பந்தக்காரரின் ஆளுக்கு அடிபட்டாலும் வேலையைக் கொடுத்தவர் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. உரிமையைக் கைவிடுவதாகத் தொழிலாளி எழுதிக்கொடுத்தாலும் அது செல்லாது. மரணத்துக்குரிய நட்டஈட்டைத் தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் வைப்பிலிட வேண்டும். செத்தவீட்டில் கையில் கொடுக்கும் காசு அதற்கு ஈடாகாது. ஆலைக்காரர் பலர் இதை அறியாமல் இரட்டைச் செலவுக்கு உள்ளாகின்றனர்.

காப்புறுதிக் கட்டுப்பணம் ஆண்டுச் சம்பளத் தொகையையும் வேலையின் ஆபத்தையும் வைத்துக் கணிக்கப்படும். கணக்கெழுதுபவருக்குக் குறைவு, பெல்ட்டும் உருளையும் சுழலும் அரிசி ஆலையில், மர ஆலையில், சாரத்தில் நிற்கும் மேசனுக்குக் கூடுதல். சம்பளப் பதிவேட்டில் பெயரில்லாத நாட்கூலிகளை விட்டுக் கணக்குக் காட்டினால் கட்டுப்பணம் குறையும். விபத்து நேரும்போது அந்த மிச்சம் முதலாளியின் தலையிலேயே விடியும். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் அறுவடைக் காலத்துக்கு மட்டும் ஆள் பிடிக்கும் ஆலைகளில் இச்சிக்கல் அதிகம். 1956இல் உற்பத்தி தொடங்கிய வாழைச்சேனைக் காகித ஆலை போன்ற பெருந்தொழிற்சாலைகளில் ஆட்பதிவு ஒழுங்காக இருப்பதால் கணிப்பு எளிது. மீன்பிடிப் படகில் பங்குக்குப் போகிறவர் சம்பளத் தொழிலாளி அல்லர். எனவே அவர் இதற்குள் வருவதில்லை.

2022ஆம் ஆண்டுத் திருத்தம் நட்டஈட்டின் உச்சத்தொகையை 5.5 இலட்சம் ரூபாயிலிருந்து 20 இலட்சமாக்கி, வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்தையும் சேர்த்துக்கொண்டது. முதலாளிகளின் பொறுப்பும் அதற்கேற்ப உயர்ந்துள்ளது.